காதில் நிற்கும் சேதி

எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனால் கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை இருக்கும். போனதும் தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். "அழாதீக" என்று சொல்ல மாட்டார், "எப்படி ஆச்சு" என்று கேட்கவும் மாட்டார். கட்டைப் பிரித்துப் பாதியைத் தன் முன்னாலும் பாதியைத் துக்கத்தில் இருப்பவர் முன்னாலும் போட்டுவிட்டு, தன் பாட்டுக்கு இலையை உருவ ஆரம்பித்துவிடுவார். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, அவருக்கு அவசரமே இருக்காது. கீரை ஆயத்தான் வந்த மாதிரி உட்கார்ந்திருப்பார்.

ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "நர்ஸம்மா நுழைஞ்ச வீட்டுல அன்னைக்குக் கீரைக்கொழம்புதான்" என்று ஒரு கேலி இருந்தது. அந்தக் கேலியை முதலில் கிளப்பிவிட்டவன் நான். நான் அங்கே கம்பவுண்டர்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். பெரியபட்டினத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய கடற்கரை ஊர் எங்களுடையது. பேர் வேண்டாம். ஊர்ப்பேரை எழுதினால் ஆட்களையும் எழுதின மாதிரி ஆகிவிடும். ஆஸ்பத்திரி என்றால் பத்துக் கட்டில், ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு ஆயா, நான். அந்தக் காலத்தில் மருந்துக்குப் பாட்டிலை நோயாளிகளே கொண்டுவர வேண்டும். நான் மருந்தைக் கலக்கி ஊற்றி, எத்தனை வேளை என்பதற்குப் பல்லுப் பல்லாகக் கத்தரித்த காகிதத்தை ஒட்டி, அதில் பேரையும் எழுதிக் கொடுப்பேன். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. "மருந்து கசந்தாலும் ஒங்க எழுத்து இனிக்கிது கம்பவுண்டரே" என்பார் நர்ஸ்.

அவர் பரமக்குடி நெசவுக்காரக் குடும்பம். வயது இருபத்தேழு, இருபத்தெட்டு இருக்கும். என்னைவிட இரண்டு வயது மூப்பு. குட்டையான உருவம், பெரிய குரல். வார்டில் அவர் பேசினால் தூங்குகிறவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். சாப்பாட்டில் கெட்டி. ஆயா கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பை மூன்று தரம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "இந்தக் கடல்ல இருந்து வாரதுல இது ஒண்ணுதான் உருப்படி" என்பார். கடல் என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம். "எங்க ஊரு வைகையில தண்ணி வந்தா வரும், வராட்டி இல்லை. இது என்னங்க, ராவும் பகலும் வந்துக்கிட்டே இருக்கு?" என்று என்னிடமே கேட்பார். மூன்று வருஷம் எங்கள் ஊரில் இருந்தார். ஒரு நாள் கூடக் காலை நனைத்தது கிடையாது. நண்டு குறுக்கே ஓடினால் ஆயாவைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்.

முருங்கைக்கீரை எதற்கு என்பது எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆயிற்று. காய்ச்சலில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று எங்கள் கட்டிலிலேயே இறந்துபோனது. கடலைவிட்டு உள்ளே தள்ளியிருந்த ஊர், விவசாயக் குடும்பம். டாக்டர் போய்ச் சொன்னதும் அந்தத் தாய் தலையை ஆட்டினாள். பிறகு, "ரொம்ப நேரமா நிக்கிறீகளே அய்யா, உக்காருங்க. தூக்குல மோரு இருக்கு, தரவா?" என்று கேட்டாள். டாக்டர் என்னிடம் வந்து, "தைரியமான பொம்பளைப்பா" என்றார்.

நர்ஸ் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "தைரியமும் இல்லை ஒண்ணுமில்லைங்கய்யா. சேதி காதுலதான் நிக்கிது. இன்னும் உள்ள எறங்கலை" என்றார்.

அன்று சாயங்காலம் கூண்டு வண்டியில் அவர்களோடு அவரும் ஏறிக்கொண்டார். கூடவே ஒரு கட்டுக் கீரை. மறுநாள் வந்து ஆயாவிடம் சொன்னதை நான் மருந்து ஜன்னலுக்கு உள்ளே இருந்து கேட்டேன். கெட்ட சேதி ஒரு மனுஷருக்குள் ஒரே அடியாக வராது என்பது அவர் கணக்கு. முதலில் காதில் நிற்கும். அப்போது வந்தவர்களுக்குப் பாய் விரிப்பார்கள், மோர் கொடுப்பார்கள், எல்லோரும் மெச்சுவார்கள். அப்புறம் கைக்கு வரும். எறிவார்கள், அடிப்பார்கள், பக்கத்தில் இருப்பவரைத் திட்டித் தீர்ப்பார்கள். அதன் பிறகு வயிற்றுக்கு இறங்கும். சோறு இறங்காது, சுருண்டு படுத்துக்கொள்வார்கள். கடைசியில் காலுக்கு வரும்.

"கீரைய முன்னால போட்டு வச்சா கைய வச்சே கண்டுபிடிச்சுறலாம்" என்றார். "சேதி காதுல இருக்குற மட்டும் கை கீரைய தொடாது. கைக்கு வந்துட்டா பிச்சு எறியும். வயித்துக்குப் போயிட்டா ஒவ்வொரு எலையா உருவிக்கிட்டே அழும்."

ஆயா, "காலுக்கு வந்துட்டா?" என்று கேட்டாள்.

"ஆஞ்சு முடிச்சுட்டு எந்திரிக்கும். அன்னைக்குத்தான் எனக்கு பயமே" என்றார்.

நான் உள்ளே இருந்து சிரித்தேன். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் படித்துவிட்டு வந்து கீரையில் வைத்தியம் பார்க்கிறாரே என்று.

அப்புறம் ஒரு பனையேறி. மரத்திலிருந்து விழுந்து, ராமநாதபுரத்தில் ஒரு காலை எடுத்துவிட்டு, புண் ஆற எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். ஒரு வாரம் எல்லோரிடமும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். "ஒத்தக் கால்ல ஏறுறேன் பாருங்க, பதனி பாதி வெலைக்குத் தாரேன்" என்று டாக்டரிடமே ஜோக்கு. எட்டாம் நாள் நர்ஸ் கொண்டுபோன கஞ்சியை அப்படியே அவர் மூஞ்சியில் ஊற்றிவிட்டான். நாங்கள் ஓடினோம். அவரோ கண்ணிமையில் பருக்கை ஒட்டியிருக்க, "கை வந்துருச்சு டாக்டர்! கை வந்துருச்சு!" என்று பிள்ளை பெற்ற வீட்டில் சேதி சொல்கிற மாதிரி கத்துகிறார். பனையேறியே ஒரு கணம் மிரண்டுவிட்டான். அவனுக்குக் கட்டை ஊன்றி நடக்கத் தைரியம் வரும்வரை தினமும் ஆஸ்பத்திரி வாசலில் அவனோடு நடந்தார். அவன் கட்டையை ஓங்கினாலும் நடந்தார்.

இந்தக் கணக்கை எங்கே படித்தார் என்று ஒரு நாள் மத்தியானம் கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அவர் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எங்க தம்பி அம்மையில போயிட்டான். எங்க அய்யா மொத நாளு வந்தவுகளுக்கெல்லாம் வெத்தலத் தட்டு எடுத்து வச்சாரு. நாலாம் நாளு எங்க ஆத்தாவ போட்டு அடிச்சாரு. அப்புறம் பத்து நாளா எந்திரிக்கலை. ஒரு நாளு காலையில எந்திரிச்சாரு பாருங்க. குளிச்சாரு. தறியில உக்காந்து, பாதியில நின்ன சேலைய முடிச்சு அறுத்து மடிச்சு வச்சாரு. எங்களுக்கு அப்பாடான்னு இருந்துச்சு. வந்திருந்த சொந்தக்காரவுக அம்புட்டுப் பேரும் அன்னைக்கே கெளம்பிட்டாக. நான் பக்கத்து வீட்டுக்கு ஓடி, எங்க அய்யா நல்லாயிட்டாருன்னு சொல்லிட்டு வந்தேன். வந்து பாத்தா அய்யா இல்லை. கெணத்துக்குப் போயிட்டாரு."

துடைத்த பாட்டிலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "விழுந்து கெடக்குற அன்னைக்கு ஊரே வரும் கம்பவுண்டரே. எந்திரிச்ச அன்னைக்குத்தான் ஆளு வேணும். கூட நாலு எட்டு நடக்க ஒரு ஆளு" என்றார். நான் உம் கொட்டிவிட்டு லேபிளில் பேர் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாது என்று நான் பிறகு சொல்ல முடியாது. இத்தனை தெளிவாக எனக்கு யாரும் எதையும் சொன்னதில்லை.

இனி ராத்தாவின் விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

ராத்தா என் அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவள். வாப்பா இறந்த பிறகு வீட்டுக்கு ஆம்பளை நான் ஒருவன். உம்மா, ராத்தா, ஒரு தங்கச்சி. மச்சான் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தார். பிள்ளை இல்லை. ஒரு ஐப்பசியில் தோணி கவிழ்ந்தது. தப்பி வந்த ஒருவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் முறைக்காரர், எங்கள் வீட்டு வாசலில் நின்று, மச்சான் தண்ணீரில் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லி அழுதார். கதவுக்குப் பின்னால் இருந்து ராத்தா கேட்டாள்: "வெயில்ல வந்திருக்கீக காக்கா. தேத்தண்ணி குடிக்கிறீகளா?"

வந்த பெண்கள் எல்லாம், "என்ன சபுரு! அல்லா இந்தப் புள்ளைக்கு எம்புட்டுப் பொறுமையக் குடுத்திருக்கான்" என்று மெச்சினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கம் கெட்டவன், மச்சான் இறந்த வீட்டில் பெருமைப்பட்டுக்கொண்டு நின்றேன்.

ராத்தா இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷன் இறந்தால் எங்களில் பெண்கள் நாலு மாசம் பத்து நாள் வெள்ளை உடுத்தி வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். வாசல் தாண்டக் கூடாது. வெளி ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது. நர்ஸ் பெண்தானே, அவர் வரத் தடையில்லை. தினமும் மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் கொல்லைக் கதவு வழியாகக் கீரையோடு வந்தார். முதல் நாள் போகும்போது என்னிடம் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "காதுல நிக்கிது."

இருபது நாள் கழித்து அது கைக்கு வந்தது. ராத்தா கீரையைப் பிய்த்து அவர் முகத்தில் எறிந்தாள். பானையை உடைத்தாள். "கடலுக்குப் போறவனுக்கு ஏன் என்னைய கட்டி வச்சே?" என்று உம்மாவை முடியைப் பிடித்து உலுக்கினாள். தெரு முழுக்கக் கேட்டது. நர்ஸ் தலையெல்லாம் இலையோடு வெளியே வந்து, "கை வந்துருச்சு கம்பவுண்டரே, நல்லதுதான், தடுக்காதீக" என்றார். எனக்கு நல்லதாகத் தெரியவில்லை. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்திருந்தது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாளே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. மூளை பிசகிவிட்டதாம். அதற்குத்தான் தினமும் நர்ஸ் வருகிறாளாம். சத்தம் அடங்கி ராத்தா சுருண்டு படுத்த பிறகும் பேச்சு அடங்கவில்லை. தங்கச்சிக்கு அப்போது அக்காள்மடத்தில் ஒரு இடம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளையின் மாமா ஒரு நாள் என் மருந்து ஜன்னலுக்கு வந்தார். இருமல் மருந்து கேட்கிற மாதிரி நின்றுகொண்டு, "ஒங்க வீட்டுக்கு நர்ஸு வந்து போறாகளாமே தம்பி. யாருக்கு என்ன?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணுமில்லை மாமா" என்றேன். அவர் கேட்காத இருமல் மருந்தை ஊற்றிக் கையில் கொடுத்தேன்.

அந்த வாரம்தான் ராத்தா எழுந்தாள். காலையில் குளித்தாள். அடுப்படிக்கு வந்து, "இன்னைக்கு நான் ஆக்குறேன்மா" என்று உம்மாவிடம் சொன்னாள். தங்கச்சிக்குத் தலை பின்னிவிட்டாள். தன் சிலோன் பெட்டியின் சாவியை முந்தானையிலிருந்து அவிழ்த்து அவள் கையில் வைத்து, "நீயே வச்சுக்க. எனக்கு எதுக்கு?" என்றாள். உம்மா அழுதுகொண்டே சிரித்தாள். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். நர்ஸின் அய்யா கதை எனக்கு ஞாபகம் வந்தது. வரத்தான் செய்தது. நான் அதை அமுக்கிவிட்டேன். நல்லாயிட்டாள் என்று வைத்துக்கொண்டால் நர்ஸை நிறுத்திவிடலாம். நர்ஸை நிறுத்தினால் தங்கச்சி கல்யாணம் நடக்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலேயே அவரைப் பிடித்து, "இனிமே வரவேணாம் சிஸ்டர். ராத்தா நல்லாயிருச்சு" என்றேன்.

அவர் தெர்மாமீட்டரை உதறுவதை நிறுத்தினார். "எந்திரிச்சுருச்சா?"

"சமைச்சுச்சு. சிரிச்சுச்சு."

"யாருக்காச்சும் எதையாச்சும் குடுத்துச்சா? துணிமணி, சாவி, ஏதாச்சும்?"

"இல்லையே" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். "கம்பவுண்டரே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அதான் இல்லைங்கிறேன்ல. இத்தாவுல இருக்குற பொம்பள எங்க போயிரும்? வாசலத் தாண்ட முடியாது. இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீக. ஊரு ஒரு மாதிரி பேசுது" என்று குரலை உயர்த்தினேன். அவர் வராந்தாவில் கிடந்த கீரைக் கட்டை எடுத்து ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் கொல்லைக் கதவைத் திறந்தால் வலை காயப்போடும் மணல் மேடு, அதற்கப்புறம் கடல். மறுநாள் மூன்று மணிக்கு அவர் அந்த மேட்டில் போய் உட்கார்ந்திருந்தார். அதற்கு மறுநாளும் இருந்தார். "கடலுக்குப் பயந்தவ கடலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா பாரு" என்று வலைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் கடலைப் பார்க்கவில்லை. கடலுக்கு முதுகு காட்டி எங்கள் கொல்லைக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி கதவைச் சாத்தினேன். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மத்தியானமே வந்துவிட்டார். ஜும்மா நேரத்தில் கரையில் ஒரு ஆண் இருக்க மாட்டான் என்பதை, பரமக்குடிக்காரியான அவர் யோசித்திருக்கிறார். அந்த ஊரிலேயே பிறந்த நான் யோசிக்கவில்லை.

தொழுகை முடிந்து வெளியே வந்தபோது கரையில் கூட்டம். விலக்கிக்கொண்டு போனேன். ராத்தா மணலில் மூச்சு வாங்கிக் கிடந்தாள். வெள்ளைச் சேலை உடம்போடு ஒட்டி, தலை திறந்து கிடந்தது. நர்ஸ் அவள் கால்கள் இரண்டையும் தன் மடியில் போட்டுக் கட்டிப் பிடித்திருந்தார். அவர் தலை முழுக்க நனைந்து, முடியில் பாசி ஒட்டியிருந்தது. உப்புத் தண்ணீரை வாந்தி எடுத்துக்கொண்டே, பல்லு கிடுகிடுக்க, "விட மாட்டேன், விட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. எப்படித்தான் இழுத்து வந்தாரோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

ஜமாத்துப் பெரியவர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்: "இத்தாவுல இருக்குற புள்ள. இங்கன எப்படி வந்துச்சு? யாரு கூட்டியாந்தது?"

தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ். மார்க்கத்திலும் அது பெரும் பாவம். நர்ஸ் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். "நான்தான் கூட்டியாந்தேன். காத்தாட நாலு எட்டு நடக்கலாம்னு கூப்பிட்டேன். அலை இழுத்துருச்சு" என்றார்.

கூட்டம் அப்படியே அவர் மேல் திரும்பியது. காபிரு பொம்பளை, மார்க்கம் தெரியாதவள், வெள்ளை உடுத்தின பெண்ணை வெளியே இழுத்து வந்துவிட்டாள் என்று ஆளுக்கு ஒன்று பேசினார்கள். பெரியவர் என்னிடம், "ஏம்ப்பா, நீ சொல்லித்தான் இந்தம்மா ஒங்க வீட்டுக்கு வந்தாகளா?" என்று கேட்டார்.

"இல்லை. வரவேணாம்னு நான் அன்னைக்கே சொல்லிட்டேன்" என்றேன்.

அது பொய்யில்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

இரண்டு நாள் கழித்து, அந்த நர்ஸை மாற்றச் சொல்லி மேலே மனுப்போட முடிவு செய்தார்கள். "ஒன் எழுத்து நல்லாருக்கும், நீயே எழுது" என்று என்னிடம் காகிதத்தை நீட்டினார்கள். கை வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சர்க்கார் வேலையில் இருக்கிறேன், கூடாது என்று சொல்லியிருக்கலாம். நான் எழுதினேன். இத்தாவில் இருந்த பெண்ணை வெளியே இழுத்து வந்து உயிருக்கே ஆபத்து உண்டாக்கியவர் என்று, என் ராத்தாவின் உயிரை மீட்டுக் கொடுத்தவரைப் பற்றி, வரி கோணாமல் எழுதினேன். கீழே பெரியவர்கள் ஒப்பமிட்டார்கள். நான் ஒப்பமிடவில்லை. அதில் எனக்கு ஒரு திருப்தி வேறு. தூ!

மூன்று வாரத்தில் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. சிவகங்கைப் பக்கம் ஏதோ ஊர். போகிற அன்றைக்குக் காலையில் ஒரு காலி பாட்டிலோடு என் ஜன்னலுக்கு வந்தார். கடலில் இறங்கிய நாளிலிருந்து அவருக்கு இருமல் விடவில்லை. நான் தலை நிமிராமல் மருந்து ஊற்றி, காகிதம் ஒட்டி, பேர் எழுதிக் கொடுத்தேன். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேலதிகாரி என்னைய கூப்பிட்டு அந்த மனுவக் காட்டுனாக கம்பவுண்டரே" என்றார். "எழுத்து அழகா இருந்துச்சு."

குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. லேபிளைப் பார்த்து அவர் வழக்கமாகச் சொல்கிற அதே குரல். கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"ராத்தா எந்திரிச்ச ஆளு. தனியா விட்றாதீக. கொல்லையிலயே கூட நாலு எட்டு நடங்க. வாரேன்" என்று சொல்லிவிட்டு இருமிக்கொண்டே பஸ்ஸுக்குப் போனார்.

நடந்தேன். இத்தா முடியும் வரை தினமும் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து கொல்லையில் ராத்தாவோடு நடந்தேன். முதல் ஒரு மாசம் அவள் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒரு நாள், "முருங்க பூத்திருக்கு" என்றாள். நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அதையும் பயத்தில்தான் செய்தேன்.

தங்கச்சி கல்யாணம் நடந்தது. ராத்தாவுக்கும் மூன்று வருஷம் கழித்துப் பெரியபட்டினத்தில் மறு நிக்காஹ் ஆயிற்று. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று நிறைந்திருக்கிறாள். இப்போது நாங்கள் இரண்டு பேரும் துணையை இழந்த கிழங்கள். வெள்ளிக்கிழமை தோறும் அவள் வீட்டில் எனக்குச் சாப்பாடு. மீன் துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டே பழசைப் பேசுவாள். அன்றைக்கு நடந்ததை ஊரில் சொல்ல வாயெடுத்தபோது உம்மா அவள் வாயைப் பொத்திவிட்டாளாம். "அந்தம்மா எனக்காகப் பொய் சொன்னாக. நான் ஊமையாட்டம் கெடந்தேன்" என்பாள். அப்புறம் பெரியவர்களை ஏசுவாள். "மனு எழுதுன கை வெளங்குமா தம்பி? அது புழுத்துப் போகும்" என்பாள். நான் அந்தக் கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு வருவேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான்.

"மௌத்தாகி மண்ணுக்குப் போறதுக்குள்ள அவுகள ஒருக்காப் பாக்கணும். பரமக்குடிக்கு ஒரு எட்டு போயி விசாரிச்சு வாயேன்" என்று வருஷம் தவறாமல் கேட்பாள். விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை என்பேன். பரமக்குடி என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் போய்த் திரும்பிவிடலாம். நான் ஒரு தரமும் போனதில்லை.

நேற்று மறுபடி கேட்டாள். "இந்தத் தடவ நானும் கூட வாரேன், ரெண்டு பேருமாத் தெருத்தெருவா விசாரிப்போம்" என்று பர்தாவை எடுத்து உதறினாள். நான் உட்காரச் சொன்னேன். சொல்லிவிட்டேன். வரவேண்டாம் என்று அவரிடம் சொன்னதை, சாவி கொடுக்கவில்லை என்று பொய் சொன்னதை, கரையில் சொன்னதை, மனுவை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

ராத்தா முழுக்கக் கேட்டாள். முகம் மாறவில்லை. பர்தாவை மடித்துக் கொடியில் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "வெயில்ல வந்திருக்கியே தம்பி. தேத்தண்ணி குடிக்கிறியா?" என்றாள்.

குடித்தேன். ராத்திரி வீட்டுக்குப் போகவில்லை, அங்கேயே வாசலில் படுத்துக்கொண்டேன். காலையில் கொல்லையில் முருங்கைக்கீரை ஒடித்து வந்து, பாதியை அவள் முன்னாலும் பாதியை என் முன்னாலும் போட்டிருக்கிறேன். நான் உருவிக்கொண்டிருக்கிறேன். அவள் கை இன்னும் கீரையைத் தொடவில்லை.